எக்ஸ்ரே போஸ்டிங் போகும் முன் கைவசம் இருக்க வேண்டிய பொசிஷனிங் சொற்கள்: படிப்படியாக ஒரு வழிகாட்டி

ரேடியோகிராஃபி டிப்ளமோவிலோ பி.எஸ்சி.யிலோ சேர்ந்து முதல் போஸ்டிங்குக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொசிஷனிங் சொற்கள், அதாவது படம் எடுக்க நோயாளியை எப்படி நிறுத்துவது, படுக்க வைப்பது என்று சொல்லும் சொற்கள், வகுப்பில் ஒரே மூச்சில் பட்டியலாக வந்து விழும். ஆன்டீரியர், போஸ்டீரியர், சுபைன், ப்ரோன், ஆர்.ஏ.ஓ., டெக்குபிட்டஸ். மனப்பாடம் செய்து இன்டர்னல் தேர்வில் எழுதியும் விடலாம். ஆனால் சீனியர் "அவரை எல்.பி.ஓ. போடு" என்று சொல்லிவிட்டு கன்சோல் பக்கம் போனதும், எந்தத் தோளைத் தூக்குவது என்று தெரியாமல் நோயாளியின் அருகே நிற்பது இருக்கிறதே, அதை நான் நிறையவே அனுபவித்தேன். அகர வரிசையில் படிக்காமல், எது எதன் மேல் நிற்கிறது என்ற வரிசையில் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். உட்கார்ந்து வாசிக்காதீர்கள், எழுந்து நின்று செய்து பார்த்துக்கொண்டே வாசியுங்கள். ரூமில் ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நல்லது.

1. அனாட்டமிக்கல் பொசிஷனில் நீங்களே நில்லுங்கள்

நேராக நில்லுங்கள். முகம் முன்னால், கைகள் உடம்போடு தொங்க, உள்ளங்கை முன்பக்கம் பார்க்க, பாதங்கள் சேர்ந்து விரல்கள் முன்னோக்கி. நோயாளி ட்ராலியில் படுத்து வந்தாலும், குப்புறக் கிடந்தாலும், முழங்கையை மடக்கி மார்போடு அணைத்து வந்தாலும், எல்லாச் சொற்களும் இந்த ஒரு நிலையை வைத்துத்தான் பேசும்.

இதில் பலரும் கோட்டை விடுவது உள்ளங்கையில். சாதாரணமாக நிற்கும்போது உள்ளங்கை தொடையைப் பார்க்கும், கட்டைவிரல் முன்னால் இருக்கும். உள்ளங்கையை முன்னால் திருப்பியதும் கட்டைவிரல் வெளிப்பக்கம் போய்விடுகிறது பாருங்கள். முன்கை எலும்புகளில் ரேடியஸ் லேட்டரல் (வெளி) பக்கம், அல்னா மீடியல் (உள்) பக்கம் என்பது இதிலிருந்து தானாக வந்துவிடும், தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்தது வலம் இடம். வலது என்றால் எப்போதும் நோயாளியின் வலது. அவர் உங்களைப் பார்த்து நின்றால் அவருடைய வலது உங்கள் இடதுபுறம் இருக்கும். படத்தைப் பார்க்கும்போதும் இதே கணக்குதான்; முதுகுப் பக்கம் டியூப் (எக்ஸ்ரே கதிர் வரும் குழாய்) வைத்து எடுத்த படமானாலும், நோயாளி நம்மைப் பார்த்து நிற்பது போலத்தான் படத்தை வைக்க வேண்டும். கை, பாதப் படங்களை மட்டும் விரல்கள் மேலே இருக்கும்படி வைப்பது வழக்கம். சி.டி. படம் நோயாளியின் கால் பக்கம் நின்று தலையை நோக்கிப் பார்ப்பது போல இருக்கும், அதிலும் அவருடைய வலது உங்கள் இடதில்தான்.

2. மூன்று தளங்கள்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். மூக்கு நுனி, தொப்புள் வழியாக உடம்பை இடம் வலமாகச் சரிபாதி வெட்டுவது மிட் சாஜிட்டல் தளம். அக்குள் வழியாக முன்பாதி பின்பாதியாக வெட்டுவது மிட் கொரோனல் தளம். மேல் கீழாக வெட்டுவது ஆக்ஸியல், அதையே டிரான்ஸ்வர்ஸ் என்றும் சொல்வார்கள்.

வேலையில் இது எங்கே வரும் என்பதுதான் முக்கியம். ஏ.பி. (கதிர் முன்னாலிருந்து பின்னால் போகும் படம்) எடுக்கும்போது கொரோனல் தளம் கேசட்டுக்கு, அதாவது படம் பதியும் தட்டுக்கு, இணையாக இருக்க வேண்டும், லேட்டரல் (பக்கவாட்டுப் படம்) எடுக்கும்போது சாஜிட்டல் தளம் இணையாக இருக்க வேண்டும். இணை கெட்டால் அதற்குப் பெயர் ரொட்டேஷன். நெஞ்சுப் படத்தில் இரண்டு காலர் எலும்புகளின் உள்முனையும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா என்று சீனியர்கள் முதலில் பார்ப்பது இதற்காகத்தான். சிறிது திரும்பியிருந்தாலும் இதயத்தின் நிழல் இடம் மாறித் தெரியும்.

3. திசைச் சொற்களை ஜோடியாகப் பிடியுங்கள்

தனித்தனியாகப் படித்தால் மறந்துபோகும். ஜோடியாக, உடம்பில் கை வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஆன்டீரியர் முன்பக்கம், போஸ்டீரியர் பின்பக்கம். சுப்பீரியர் மேலே, இன்ஃபீரியர் கீழே. மீடியல் நடுக்கோட்டை ஒட்டி, லேட்டரல் நடுக்கோட்டை விட்டு விலகி. சூப்பர்ஃபிஷியல் தோலுக்கு அருகில், டீப் உள்ளே.

ப்ராக்ஸிமல், டிஸ்டல் இரண்டையும் கை கால்களுக்குத்தான் அதிகம் பயன்படுத்துவோம். உடலோடு ஒட்டும் இடத்துக்குப் பக்கம் ப்ராக்ஸிமல், விரல் பக்கம் டிஸ்டல். டாக்டர் எழுதும் எக்ஸ்ரே சீட்டில் "டிஸ்டல் ரேடியஸ்" என்று எழுதியிருந்தால் உங்கள் கண் மணிக்கட்டுக்குப் போக வேண்டும். "ப்ராக்ஸிமல் ஃபீமர்" என்றால் தொடையின் மேல்முனை, அதாவது ஹிப் மூட்டு படத்துக்குள் வந்தாக வேண்டும். நீள எலும்பில் அடிபட்டு முதல் முறை எடுக்கும்போது இரண்டு பக்க மூட்டும் தெரிய வேண்டும் என்பது விதி. ஒரே கேசட்டில் அடங்காவிட்டால் இரண்டு படமாக எடுங்கள்.

கையில் உள்ளங்கைப் பக்கம் பால்மார், புறங்கைப் பக்கம் டார்சல். பாதத்தில் உள்ளங்கால் பிளாண்டார், மேல்பாதம் டார்சம். பாதத்தின் டார்சம் மேலே பார்க்கிறது என்பது முதலில் குழப்பும், சாக்ஸ் மேல் கை வைத்து ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள்.

4. படுக்கும் நிலைகள், அவற்றை நோயாளியிடம் சொல்லும் விதம்

சுபைன் என்றால் மல்லாந்து. ப்ரோன் என்றால் குப்புற. லேட்டரல் ரெகம்பன்ட் என்றால் ஒருக்களித்து. எரெக்ட் என்றால் நின்றோ உட்கார்ந்தோ நிமிர்ந்து இருப்பது. நிற்பது மட்டும்தான் எரெக்ட் என்று நினைத்து, நிற்க முடியாதவரைச் சிரமப்படுத்த வேண்டாம். ரெகம்பன்ட் என்பது படுத்திருக்கும் எந்த நிலைக்கும் பொதுச்சொல்.

பெயர் வைத்த நிலைகள் நான்கு. ட்ரெண்டலன்பர்க்கில் தலை கால்களைவிடத் தாழ்ந்திருக்கும். ஃபௌலரில் தலைப்பக்கம் உயர்ந்திருக்கும், ஐ.சி.யூ.வில் மொபைல் (நகர்த்திக்கொண்டு போகும்) எக்ஸ்ரே மெஷினில் நெஞ்சுப் படம் எடுக்கும்போது கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றிவிடுவோமே, அதுதான். சிம்ஸ் என்பது இடப்பக்கம் சற்றுக் குப்புற ஒருக்களித்து, வலது முட்டியை மடக்கி முன்னால் வைப்பது. பெருங்குடலைப் பார்க்கும் பேரியம் எனிமா செய்யும்போது பார்ப்பீர்கள். லித்தாட்டமி என்பது மல்லாந்து, முட்டிகளை மடக்கி விரித்து வைப்பது, கருப்பையையும் கருக்குழாய்களையும் பார்க்கும் எச்.எஸ்.ஜி. பரிசோதனைக்கு இது வேண்டும்.

இந்தச் சொற்கள் உங்களுக்கும் சீனியருக்கும்தான். நோயாளியிடம் "சுபைன்ல படுங்க" என்று சொன்னால் அவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். "மல்லாக்கப் படுங்கய்யா", "குப்புறப் படுங்கம்மா" என்று சொல்லுங்கள். "திரும்பிப் படுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர் தனக்கு வசதியான பக்கம் திரும்பிவிடுவார், பிறகு வலியோடு மறுபடியும் திருப்ப வேண்டி வரும். வலியிலும் பயத்திலும் இருப்பவர்களுக்கு வலது இடது சட்டென்று ஓடாது. ரூமில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைச் சொல்லுங்கள். "சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுங்க பாட்டி", "கதவைப் பார்த்தபடி ஒருக்களிச்சுப் படுங்க" என்றால் சரியாகச் செய்துவிடுவார்கள். எங்கே தொடப் போகிறீர்கள் என்பதையும் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மூச்சுக்கும் இதே கவனம் வேண்டும். நெஞ்சுப் படத்துக்கு "நல்லா மூச்சை இழுங்க, அப்படியே அடக்குங்க". வயிற்றுப் படத்துக்கு "மூச்சை வெளிய விடுங்க, அப்படியே நிறுத்துங்க". எக்ஸ்போஷர் முடிந்ததும் "இப்ப மூச்சு விடலாம்" என்று மறக்காமல் சொல்லுங்கள், சிலர் சொல்லும் வரை அடக்கிக்கொண்டே இருப்பார்கள். எடுப்பதற்கு முன் ஒருமுறை ஒத்திகை பார்ப்பது நல்லது. நெஞ்சுப் படத்தில் பின்பக்க விலா எலும்புகள் பத்து, டயாஃப்ரத்துக்கு (உதரவிதானத்துக்கு) மேலே எண்ண முடிந்தால் மூச்சை நன்றாக இழுத்திருக்கிறார் என்று பொருள்.

5. ஏ.பி., பி.ஏ., லேட்டரல்

இங்கே மூன்று சொற்களைக் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பொசிஷன் என்பது உடம்பு எப்படி இருக்கிறது என்பது. புரொஜெக்‌ஷன் என்பது கதிர் எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருகிறது என்பது. வியூ என்பது கிடைத்த படத்தைக் குறிக்க வேண்டிய சொல்; ஆனால் நடைமுறையில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் வியூ என்றே சொல்வார்கள். அதைக் கேட்டுப் பழகுங்கள், வைவாவில் மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

ஏ.பி. என்றால் கதிர் முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறுகிறது, அப்படியானால் முதுகு கேசட்டை ஒட்டியிருக்கிறது. பி.ஏ. இதற்கு நேர் எதிர். நெஞ்சுப் படம் ஏன் பி.ஏ. என்று கட்டாயம் கேட்பார்கள். இதயம் நெஞ்சின் முன்பக்கமாக இருப்பதால் பி.ஏ.யில் அது கேசட்டுக்கு அருகில் வருகிறது, உருவம் பெரிதாவது குறைகிறது. டியூபுக்கும் கேசட்டுக்கும் இடையே 180 செ.மீ. தூரம் வைப்பதும் அதற்காகத்தான். மற்ற பெரும்பாலான படங்களுக்கு 100 செ.மீ. போதும். பி.ஏ.யில் தோளை முன்னால் உருட்டச் சொல்வதால் ஸ்கேப்புலா (தோள்பட்டை எலும்பு) நுரையீரல் மேலிருந்து விலகிவிடும். வார்டில் மொபைலில் எடுத்தால் அது ஏ.பி.; இதயம் பெரிதாகத்தான் தெரியும், அதனால் படத்தில் ஏ.பி. என்றும், உட்கார வைத்தா படுக்க வைத்தா என்றும் குறிப்பது உங்கள் பொறுப்பு. குறிக்காவிட்டால் ரிப்போர்ட் எழுதும் டாக்டர் இதயம் வீங்கியிருக்கிறது என்று நினைக்க இடம் கொடுத்துவிடுவீர்கள்.

லேட்டரலில் பெயர், கேசட்டை ஒட்டிய பக்கத்துக்குப் போகும். லெஃப்ட் லேட்டரல் செஸ்ட் என்றால் இடது பக்கம் கேசட்டில் ஒட்டியிருக்கிறது. தனியாக எதுவும் கேட்காவிட்டால் நெஞ்சுக்கு லெஃப்ட் லேட்டரல்தான் எடுப்போம், காரணம் மறுபடியும் இதயம். கை கால்களில் மட்டும் லேட்டரல் என்பதோடு கதிரின் வழியையும் சேர்த்துச் சொல்வார்கள். முட்டிக்கு வழக்கமாக மீடியோலேட்டரல்: வலியுள்ள பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, உள்பக்கத்தில் கதிர் நுழைந்து வெளிப்பக்கம் வெளியேறும்.

6. ஒப்ளிக்: நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்

ஒப்ளிக் என்றால் உடம்பைச் சாய்வாகத் திருப்பி வைப்பது. ஆர், எல் என்பவை வலது, இடது; பி, ஏ என்பவை போஸ்டீரியர், ஆன்டீரியர்; ஓ என்பது ஒப்ளிக். ஆர்.பி.ஓ., எல்.பி.ஓ., ஆர்.ஏ.ஓ., எல்.ஏ.ஓ. இந்த நான்கையும் நான்கு தனிச் சொற்களாகப் படித்தால் தேர்வு வரை குழப்பம் தீராது. முதல் இரண்டு எழுத்தை மட்டும் கேள்வியாக மாற்றுங்கள்: உடம்பின் எந்த மூலை கேசட்டைத் தொடுகிறது? எல்.பி. என்றால் இடது பின்மூலை. இடது பின்மூலை மேசையைத் தொட வேண்டுமானால் நோயாளி மல்லாந்துதான் இருக்க வேண்டும், வலது பக்கம்தான் மேலே எழும்ப வேண்டும். ஆக எல்.பி.ஓ. என்று காதில் விழுந்ததும் உங்கள் கை போக வேண்டியது நோயாளியின் வலது தோளுக்கும் வலது இடுப்புக்கும். பெயரில் இருக்கும் பக்கம் கீழே, தூக்க வேண்டியது எதிர்ப்பக்கம். பி வந்தால் மல்லாந்து, ஏ வந்தால் குப்புற. நிற்க வைத்து எடுத்தாலும் இதேதான், மேசைக்குப் பதில் செஸ்ட் ஸ்டாண்ட்.

தரையில் பாய் விரித்து நண்பரைப் படுக்க வைத்து நான்கையும் மாற்றி மாற்றிச் சொல்லிச் செய்து பாருங்கள். பிறகு நீங்கள் படுங்கள், அவர் சொல்லட்டும். நோட்டுப் புத்தகத்தில் எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பழக்கம் வராது.

அடுத்த கட்டம், எந்த ஒப்ளிக்கில் எது தெரியும் என்பது. லம்பார் முதுகெலும்பில் (கீழ்முதுகில்) பின் ஒப்ளிக் போட்டால் கீழே இருக்கும் பக்கத்து ஃபேசட் மூட்டுகள், அதாவது முதுகெலும்புகளுக்கு இடையிலான சிறு மூட்டுகள், தெரியும், ஆர்.பி.ஓ.வில் வலது பக்கத்தவை. முன் ஒப்ளிக் போட்டால் எதிர்ப்பக்கத்தவை தெரியும். கழுத்தில் தேடுவது வேறு, நரம்பு வெளியேறும் துளையான ஃபொராமென். அங்கே கணக்கு தலைகீழ்: பின் ஒப்ளிக்கில் எதிர்ப்பக்க ஃபொராமென், அதாவது எல்.பி.ஓ.வில் வலது பக்கத்தவை. முன் ஒப்ளிக்கில் கேசட்டுக்கு அருகில் உள்ள பக்கத்தவை. தேர்வில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்பார்கள். ஒரே தாளில் இரண்டையும் வரைந்து சுவரில் ஒட்டி வையுங்கள்.

ஸ்டெர்னத்துக்கு (மார்பெலும்புக்கு) ஆர்.ஏ.ஓ. 15 முதல் 20 டிகிரி. நேராக எடுத்தால் முதுகெலும்பு மறைத்துவிடும். இந்தத் திருப்பத்தில் ஸ்டெர்னம் முதுகெலும்பிலிருந்து விலகி இதய நிழலின் மேல் விழுகிறது, அந்தச் சீரான பின்னணியில் தெளிவாகத் தெரிகிறது. ஒல்லியான நெஞ்சுக்குத் திருப்பம் கொஞ்சம் அதிகம் வேண்டும், தடித்த நெஞ்சுக்குக் குறைவு போதும்.

7. டெக்குபிட்டஸ்: கதிர் படுக்கைவாக்கில்

லேட்டரலும் லேட்டரல் டெக்குபிட்டஸும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். டெக்குபிட்டஸ் என்று சொன்னாலே கதிர் தரைக்கு இணையாக வர வேண்டும். நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார், டியூப் மேலிருந்து கீழே பார்க்கிறது என்றால் அது லேட்டரல். அதே நோயாளி அப்படியே படுத்திருக்க, டியூபைப் படுக்கைவாக்கில் திருப்பி முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ எடுத்தால் அது லெஃப்ட் லேட்டரல் டெக்குபிட்டஸ், படம் ஏ.பி. அல்லது பி.ஏ.யாக வரும். பெயர் எப்போதும் கீழே இருக்கும் பக்கத்துக்கு. மல்லாந்து படுத்திருக்க, பக்கவாட்டிலிருந்து எடுத்தால் டார்சல் டெக்குபிட்டஸ்.

எதற்கு இந்தச் சிரமம் என்றால், காற்று மேலே ஏறும், நீர் கீழே இறங்கும். அந்த எல்லைக் கோடு படுக்கைவாக்கில் வரும் கதிருக்குத்தான் தெரியும். நுரையீரலைச் சுற்றி நீர் என்று சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கம் கீழே. காற்று என்று சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கம் மேலே. குடலில் ஓட்டை விழுந்து வயிற்றுக்குள் காற்று என்று சந்தேகம் இருந்து, நோயாளி நிற்கவும் முடியாவிட்டால் லெஃப்ட் லேட்டரல் டெக்குபிட்டஸ்: காற்று வலப்பக்கம் ஏறி, கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையில் கறுப்பாகத் தெரியும். வலப்பக்கம் படுக்க வைத்தால் இரைப்பையில் இயல்பாக இருக்கும் காற்றோடு கலந்து குழப்பிவிடும்.

நேரம் இங்கே மிக முக்கியம். திருப்பிப் படுக்க வைத்த உடனே எடுத்தால் காற்று மேலே ஏறியிருக்காது. குறைந்தது 5 நிமிடம், முடிந்தால் 10 முதல் 20 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். கேஷுவல்டியில் கூட்டம் நெருக்கும்போது இந்தக் காத்திருப்பைத்தான் எல்லோரும் வெட்டுவார்கள். நோயாளி உள்ளே வந்ததும் முதல் வேலையாகப் படுக்க வைத்துவிட்டு, பிறகு ரெஜிஸ்டரில் எழுதுவது, கேசட் எடுத்து வைப்பது எல்லாம் செய்தால் நேரம் தானாகக் கழிந்துவிடும்.

8. கையால் தொட்டுக் கண்டுபிடிக்கும் இடங்கள்

சென்டரிங், அதாவது கதிரின் மையத்தை உரிய இடத்தில் வைப்பது, சரியாக வர வேண்டுமானால் உள்ளே இருக்கும் எலும்பின் மட்டத்தை வெளியே தொட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். சி, டி, எல், எஸ் என்பவை முறையே கழுத்து, நெஞ்சு, கீழ்முதுகு, சேக்ரம் பகுதி முதுகெலும்புகள்; எண் மேலிருந்து எத்தனையாவது என்பது. முதலில் இவ்வளவு போதும்: கழுத்தைக் குனிந்தால் பின்னால் துருத்தும் எலும்பு சி7. கழுத்துக் குழி, அதாவது ஜுகுலர் நாட்ச், டி2, டி3 மட்டம். மார்பெலும்பின் மேல்பகுதியில் தட்டுப்படும் மேடான ஸ்டெர்னல் ஆங்கிள் டி4, டி5. ஸ்கேப்புலாவின் கீழ்மூலை டி7, பி.ஏ. செஸ்டுக்குச் சென்டர் இங்கேதான், சி7இலிருந்து அளந்தால் பெண்களுக்குச் சுமார் 18 செ.மீ., ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. மார்பெலும்பின் கீழ்முனையான ஸைஃபாய்டு நுனி டி9, டி10. இடுப்பெலும்பின் மேல்விளிம்பான இலியாக் கிரெஸ்ட் எல்4, எல்5, கே.யூ.பி.க்கு (சிறுநீரகம், சிறுநீர்ப்பை பார்க்கும் வயிற்றுப் படம்) இந்த மட்டம். ஏ.எஸ்.ஐ.எஸ். என்பது இடுப்பின் முன்பக்கம் துருத்தும் முனை, எஸ்1, எஸ்2 மட்டம்.

அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்புகள் முன்னால் சேரும் பியூபிக் சிம்ஃபைசிஸைத் தொட்டுத் தேட வேண்டியதில்லை. தொடையின் வெளிப்பக்கம் கிரேட்டர் ட்ரோகாண்டரைத் தொட்டால் கிட்டத்தட்ட அதே மட்டம் கிடைத்துவிடும், நோயாளிக்கும் சங்கடம் இருக்காது. தொடும்போது விரல் நுனியால் லேசாக, காரணம் சொல்லிவிட்டுத் தொடுங்கள். பெண் நோயாளியை ஆண் டெக்னீஷியன் பொசிஷன் செய்வதாக இருந்தால் பெண் உதவியாளரோ உடன் வந்தவரோ அருகில் இருக்கட்டும், எக்ஸ்போஷருக்கு முன் அவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள்.

9. டியூப் சாய்வு: செஃபலாட், காடாட்

செஃபலாட் என்றால் கதிர் தலையை நோக்கி, காடாட் என்றால் கதிர் காலை நோக்கிச் செல்ல வேண்டும். ஏமாறும் இடம் எங்கே என்றால், கதிர் தலையை நோக்கிப் போக வேண்டுமானால் டியூப் கால்பக்கம் நகர்ந்து நிற்க வேண்டும். டியூப் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்காமல் லைட் எந்தத் திசையில் அடிக்கிறது என்று பாருங்கள்.

பழகுவதற்குச் சில: கழுத்து ஏ.பி.க்கு 15 முதல் 20 டிகிரி செஃபலாட். சேக்ரம் ஏ.பி.க்கு 15 டிகிரி செஃபலாட், அதற்குக் கீழேயே இருக்கும் காக்ஸிக்ஸ் (வால் எலும்பு) ஏ.பி.க்கு 10 டிகிரி காடாட். இரண்டும் எதிரெதிர், எலும்பின் வளைவைப் பார்த்தால் காரணம் புரியும். குதிகால் ஆக்ஸியலுக்கு 40 டிகிரி செஃபலாட். மண்டையோட்டு வியூக்களுக்குக் கண்ணின் வெளிமூலையையும் காதுத் துளையையும் இணைக்கும் கோடுதான் அடிப்படை. மண்டையின் பின்பகுதியைக் காட்டும் டவுன்ஸ் வியூவுக்கு அந்தக் கோட்டிலிருந்து 30 டிகிரி காடாட். மண்டையோட்டை முதல் மாதத்தில் தொட வேண்டாம், மற்றதெல்லாம் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

10. அசைவுச் சொற்கள்

ஃப்ளெக்‌ஷன் மடக்குவது, எக்ஸ்டென்ஷன் நீட்டுவது. அப்டக்‌ஷன் உடம்பை விட்டு விலக்குவது, அடக்‌ஷன் உடம்போடு சேர்ப்பது. டார்சிஃப்ளெக்‌ஷன் பாதத்தை மேலே இழுப்பது, பிளாண்டார் ஃப்ளெக்‌ஷன் கீழே அழுத்துவது. இன்வெர்ஷன் உள்ளங்காலை உள்பக்கம் திருப்புவது, எவெர்ஷன் வெளிப்பக்கம் திருப்புவது.

சுப்பினேஷன் உள்ளங்கையை மேலே திருப்புவது, ப்ரொனேஷன் அதைக் கவிழ்ப்பது; இரண்டையும் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். முன்கை ஏ.பி.க்கு உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்காக விழுந்துவிடும், படம் பயன்படாது. ஹிப் ஏ.பி.க்குப் பாதத்தை 15 முதல் 20 டிகிரி உள்பக்கம் திருப்பினால்தான் ஃபீமரின் கழுத்து முழு நீளத்துக்குத் தெரியும். ஆனால் விழுந்து அடிபட்டு, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் முறிவு இருக்கலாம், காலைத் திருப்பவே கூடாது. இருக்கிறபடியே எடுங்கள். அடிபட்டவர் விஷயத்தில் நகர வேண்டியது டியூபும் கேசட்டும்தான், நோயாளி இல்லை.

11. சீட்டை வாசிப்பது

எக்ஸ்ரே சீட்டில் பார்க்க வேண்டியவை: பெயர், வயது, பாலினம், ஓ.பி. அல்லது ஐ.பி. எண், எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எந்த வியூ, என்ன தொந்தரவு, டாக்டரின் கையெழுத்து. விபத்து, அடிதடி கேஸ் என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எண்ணும் படத்தில் வர வேண்டும். அந்தப் படம் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகலாம், அதில் பக்கமோ பெயரோ தவறினால் பதில் சொல்ல வேண்டியது எடுத்தவர். கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களிடம் கடைசி மாதவிடாய்த் தேதியைத் தனியாக, மெதுவாகக் கேட்டு எழுதுங்கள். கூட வந்தவர்கள் முன்னால் கேட்டால் உண்மையான பதில் வராமல் போகலாம்.

"உங்க பேரு லட்சுமிதானே?" என்று கேட்காதீர்கள், கூட்டத்தில் காது சரியாகக் கேட்காமல் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேரு என்னங்கம்மா?" என்று கேளுங்கள். அடுத்து "எங்க வலிக்குது, கை வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். நம் ஊரில் இடுப்பு என்று சொல்பவர் கீழ்முதுகைக் காட்டலாம், ஹிப் மூட்டையும் காட்டலாம், ஒன்றுக்கு எல்.எஸ். ஸ்பைன், மற்றதற்குப் பெல்விஸ், கதிரும் வேறு, படமும் வேறு. கை என்றால் தோளிலிருந்து விரல் வரை எதுவாகவும் இருக்கலாம். அவர் காட்டும் இடமும் சீட்டில் உள்ளதும் பொருந்தாவிட்டால் எடுக்க வேண்டாம், எழுதிய டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஐந்து நிமிடம் போகும், போகட்டும்.

பக்கத்தைக் காட்டும் ஆர், எல் எழுத்து மார்க்கரை எக்ஸ்போஷருக்கு முன் கேசட்டின் மேல், உறுப்பின் மேல் விழாமல் வெளியோரத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரில் பிறகு ஆர், எல் போட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கம் ஆபத்தானது. இதயம் வலப்பக்கம் இருக்கும் ஒருவர் வந்தால், படம் திரும்பிவிட்டது என்று நினைத்து நீங்களே அதைத் திருப்பிச் சரிசெய்துவிடுவீர்கள். ஈய மார்க்கர் இருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. பி.ஏ. எடுக்கும்போது மார்க்கரைக் கவிழ்த்து வைத்தால்தான் படத்தில் எழுத்து நேராக வரும்.

12. செலவும் நேரமும்

உங்கள் கைக்காசில் வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். சொந்தமாக ஒரு ஜோடி ஆர், எல் ஈய மார்க்கர், தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப், ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானி, சட்டைப் பையில் அடங்கும் ஒரு குறிப்பேடு. சில நூறு ரூபாய் எடுத்து வைத்தால் போதும். படங்கள் நிறைந்த பெரிய பொசிஷனிங் புத்தகங்கள் விலை அதிகம், முதல் வருடமே வாங்க வேண்டாம், கல்லூரி நூலகத்தில் பாருங்கள். உங்கள் மேல் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் நீங்கள் வாங்குவது இல்லை, நிறுவனம் ஏற்பாடு செய்து தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி அனுப்புவார்கள். நெஞ்சு மட்டத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும், யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது. பேட்ஜ் இன்னும் வரவில்லை, சும்மா உள்ளே நில்லு என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நோயாளியைப் பிடித்துக்கொள்ள மாணவர்களை நிறுத்துவதும் தவறு.

ரிப்பீட் எடுக்கும் செலவை நோயாளியின் உடம்பு கொடுக்கிறது. நெஞ்சு பி.ஏ. ஒன்றுக்குத் தோராயமாக 0.02 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு) என்றால், லம்பார் முதுகெலும்புப் பரிசோதனைக்கு 1 முதல் 1.5 மில்லிசீவர்ட் வரை போகும், அதாவது ஐம்பது முதல் எழுபத்தைந்து மடங்கு வரை. ஒப்ளிக்கில் பக்கம் மாறி மறுபடி எடுப்பது சின்ன விஷயம் இல்லை என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் 1 முதல் 3 வரை. இரண்டாவது வாரம் படுக்கும் நிலைகளும் ஏ.பி., பி.ஏ., லேட்டரலும். மூன்றாவது வாரம் முழுக்க ஒப்ளிக், டெக்குபிட்டஸ் மட்டும். நான்காவது வாரம் தொட்டுப் பார்க்கும் இடங்கள், சாய்வு, அசைவு. தினம் அரை மணி நேரம், நண்பரோடு, பாயில். போஸ்டிங்கில் அன்றைக்குப் பார்த்த கேஸ்களில் மூன்றை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள்: நிலை, புரொஜெக்‌ஷன், சென்டர், தூரம், மார்க்கர் எந்தப் பக்கம். நோயாளியின் பெயரும் எண்ணும் அதில் வேண்டாம். ரெக்கார்ட் நோட்டுக்கான கையெழுத்தை அந்தந்த வாரமே வாங்கிவிடுங்கள். பிராக்டிகல் தேர்வு நெருங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் நோட்டோடு வந்து நிற்பார்கள், கையெழுத்துப் போட வேண்டியவர் அன்றைக்கு லீவில் இருப்பார்.